சென்று மீள்வோரின் சூது
லாஸ் வேகாஸ் பற்றிய சில நூல்கள் குறித்து ஒரு நோக்கு

1

சூது இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் பொருட்பாலில் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். பாரதக் கதையின் பெரும்போருக்கு வித்திட்டது ஒரு மண்டபத்தில் நிகழ்ந்த ஆட்டமே. நளன் நாடிழந்து காடேகியதும் சூதினாலேயே. இக்கதைகளில் ஆடுபவனுக்கு எதிரே அமர்ந்திருப்பவன் ஒரு மனிதன். தருமனுக்கு எதிரே சகுனியும் நளனுக்கு எதிரே புட்கரனும் இருந்தனர். பகையும் பொறாமையும் வஞ்சகமும் அவ்வெதிரியின் முகத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆதலின் ஆட்டம் அறத்துக்கும் மறத்துக்கும் இடையிலான போராகவே அங்கு உருப்பெற்றது.

நளன் கதையின் பிற்பகுதி இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. வாகுகன் என்னும் பெயரில் தேர்ப்பாகனாய் மறைந்து வாழ்ந்த நளன், இருதுபன்னன் என்னும் அரசனுக்குக் குதிரை செலுத்தும் நுட்பத்தைக் கொடுத்து, அவனிடமிருந்து எண்ணும் வித்தையையும் சூதின் உட்பொருளையும் பெற்றுக்கொள்கின்றான். பெற்ற அறிவைக் கொண்டு புட்கரனை மீண்டும் ஆட்டத்துக்கு அழைத்து, இழந்த நாட்டை மீட்கின்றான். அறிவு பெற்றவன் வெல்வான். வென்றவன் தன் ஊருக்கு மீள்வான் என்பதே அக்கதையின் நம்பிக்கையாகும்.

இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைநிலத்தில் எழுந்த லாஸ் வேகாஸ் நகரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பல, அறிந்தோ அறியாமலோ, இந்நம்பிக்கையையே வேறு வடிவங்களில் மீட்டுரைக்கின்றன. அவற்றின் ஆசிரியர்கள் அந்நகருக்குச் செல்கின்றனர்; வியக்கின்றனர்; ஆடுகின்றனர், அல்லது பிறர் ஆடுவதைப் பார்க்கின்றனர்; பின்னர் ஊர் திரும்பி நூல் எழுதுகின்றனர். இப்பயண வடிவம் அந்நூல்களுக்கு வேகத்தையும் சுவையையும் அளிக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், மீள்பவனின் கண்ணுக்கு எது புலப்படுகின்றது, எது மறைகின்றது என்ற வினா திறனாய்வாளரால் எழுப்பப்பட வேண்டியதாகும். அவ்வினாவை முன்வைத்துச் சில நூல்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நூல்களை ஆராயுமுன் நகரின் தோற்றத்தையும், ஆட்டத்தின் பொருளியலையும் சுருக்கமாக அறிந்துகொள்ளல் அவசியமாகும். 1905ஆம் ஆண்டு புகையிரதப் பாதையை ஒட்டிய காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டமையே நகரின் தொடக்கம். 1931இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, நெவாடா மாநில அரசு சூதாட்ட விடுதிகளைச் சட்டபூர்வமாக்கிற்று. அதே ஆண்டில் அண்மையிலுள்ள கொலராடோ ஆற்றில், பின்னாளில் ஹூவர் அணை எனப் பெயர்பெற்ற அணையின் கட்டுமான வேலை தொடங்கியது. வேலையாட்களின் கூலி நகருக்குள் வந்தது. 1946 டிசெம்பரில் ‘பிளமிங்கோ’ ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன் அமைப்பில் முன்னின்ற பாதாள உலகத்தவரான பக்சி சீகல் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். 1960ஆம் ஆண்டு மார்ச் மாத உடன்பாடு வரையில், மேடையிற் பாடிய கறுப்பினக் கலைஞர் பலர் அதே ஹோட்டல்களில் தங்க இடம் மறுக்கப்பட்டனர். 1960களின் பிற்பகுதியில், செல்வந்தர் ஹவார்ட் ஹியூஸ் ஹோட்டல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியதும், 1969ஆம் ஆண்டுச் சட்டம் பங்குக் கம்பனிகளுக்கு வழிதிறந்ததும் நகரின் உடைமையுறவை மாற்றின. பாதாள உலகத்தவரின் இடத்தில் கம்பனியின் பணிப்பாளர் சபை வந்தமர்ந்தது.

உடைமையாளர் மாறினும் கணக்கு மாறவில்லை. அமெரிக்க ரூலெற் சக்கரத்தில் முப்பத்தெட்டு இலக்கக் குழிகள் உள்ளன. ஓரிலக்கத்தில் ஒரு டொலர் வைத்து வென்றவனுக்கு முப்பத்தைந்து டொலர் கிடைக்கும். வைத்த டொலரும் திரும்பும். முப்பத்தெட்டு இலக்கங்களிலும் ஒவ்வொரு டொலர் வைப்பவன் முப்பத்தெட்டு டொலர் செலவிட்டு முப்பத்தாறு டொலர் பெறுவான். இரண்டு டொலர், அஃதாவது நூற்றுக்கு 5.26 வீதம், விடுதிக்கு உரியது. இதற்குச் சகுனியின் வஞ்சகம் எதுவும் தேவையில்லை. சக்கரம் நேர்மையாகச் சுழன்றாலே போதும். விடுதி எவரையும் வெறுப்பதில்லை. ஆடுபவன் நெடுநேரம் ஆடவேண்டும் என்பதே அதன் விருப்பம். பழைய கதைகளின் சூதுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும்.

3

இக்கணக்கை நேர்நின்று எதிர்த்த நூல் எட்வேட் தோர்ப் 1962இல் வெளியிட்ட ‘பீற் த டீலர்’ ஆகும். தோர்ப் ஒரு கணிதவியலாளர். ‘இருபத்தொன்று’ எனவும் ‘பிளக்ஜக்’ எனவும் வழங்கும் சீட்டாட்டத்தில், ஏற்கெனவே வெளிவந்துவிட்ட சீட்டுக்கள் எவையென எண்ணிவரின், கட்டில் எஞ்சியுள்ளவை எவருக்குச் சாதகமானவை என்பதை அறியலாம் என அவர் காட்டினார். பத்து மதிப்புள்ள சீட்டுக்களும் ஆசுகளும் மிகுந்திருக்கும் வேளையிற் பணயத்தைப் பெருக்கினால், விடுதியின் மேலதிகம் ஆடுபவனின் பக்கம் சாயும். மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கணனியின் துணைகொண்டு இதனைக் கணித்த அவர், 1961இல் விஞ்ஞானச் சஞ்சிகையொன்றில் முடிவை வெளியிட்டார். அதே ஆண்டு, செல்வர் இருவர் முதலிட்ட பத்தாயிரம் டொலருடன் நெவாடாவின் வடபகுதிக்குச் சென்று, ஏறத்தாழப் பதினோராயிரம் டொலர் வென்று மீண்டார்.

இருதுபன்னனிடம் நளன் கற்ற வித்தை நூற்றாண்டுகள் கடந்து நூல்வடிவில் எவர் கைக்கும் எட்டியதெனலாம். நூலின் மொழிநடை பகட்டற்றது. அட்டவணைகளும் விளக்கங்களும் நிறைந்தது. விதியையும் அதிர்ஷ்டத்தையும் ஒதுக்கிவிட்டு நிகழ்தகவை மட்டுமே நம்பும் அதன் துணிவு மெச்சத்தக்கது. சூதாட்டம் பற்றிய மூடநம்பிக்கைகளுக்கு எதிராக எழுதப்பட்ட நூல்களுள் அதற்குத் தனியிடம் உண்டு.

ஆயின் அந்நூல் வெளிவந்த பின் நிகழ்ந்தவை அதன் ஆசிரியரின் எதிர்பார்ப்புக்கு அப்பாற்பட்டவை. 1964 ஏப்ரிலில் லாஸ் வேகாஸ் விடுதிகள் அஞ்சி ஆட்ட விதிகளைக் கடுமையாக்கின. பணயத்தை இரட்டிப்பாக்கும் உரிமையும் ஆசுகளைப் பிரித்தாடும் உரிமையும் குறுக்கப்பட்டன. ஆட்டக்காரர் மேசைகளை விட்டு விலகினர். சில வாரங்களுள் பழைய விதிகள் மீண்டன. அதன்பின் பிளக்ஜக் முன்னெப்போதும் இல்லாத அளவு மக்களை ஈர்த்தது. வெல்லக்கூடிய ஆட்டம் இது என்ற செய்தியைப் பலர் அறிந்தனர்; வெல்வதற்கு வேண்டிய பயிற்சியையும் பொறுமையையும் மூலதனத்தையும் பெற்றவர் மிகச் சிலரே. எஞ்சியோர் அச்செய்தியின் கவர்ச்சியில் வந்து அமர்ந்து இழந்தனர். உண்மையிலேயே வெல்பவனை இனங்கண்டால், அவன் சட்டத்தை மீறாதவனாயினும், வெளியே போகுமாறு கூறும் உரிமை நெவாடா விடுதிகளுக்கு உண்டு. புட்கரன் நளனைத் துரத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. விடுதியால் அது முடியும். இவ்வாறு விடுதியை வெல்ல எழுதப்பட்ட நூல் விடுதிக்குச் சிறந்த விளம்பரமாய் அமைந்தது. இது தோர்ப்பின் கணிதத்தில் உள்ள பிழையன்று. அறிவு தனியொருவனின் கருவியாக மட்டும் நிற்கும்போது, நிறுவனம் அதனைத் தன் இலாபக் கணக்குள் சேர்த்துக்கொள்ளும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

4

தோர்ப் பகுத்தறிவுடன் சென்றார். ஹன்ரர் தொம்சன் போதையுடன் சென்றார். 1971இல் ‘ரோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகையில் வெளிவந்து, அடுத்த ஆண்டு நூலான ‘பியர் அன்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ்’, மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டியொன்றையும், போதைப்பொருளுக்கு எதிரான அரச சட்டவாளர் மாநாடொன்றையும் காரணமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட இரு பயணங்களின் கதை. அமெரிக்கக் கனவு எனப்பட்டதைத் தேடிச் சென்று அதன் பிணத்தைக் கண்ட கதையென அதனைச் சுருக்கிக் கூறலாம். 1960களின் இளைஞர் எழுச்சி எவ்வாறு வற்றியது என்பதை எழுதும் பக்கங்களில் தொம்சனின் உரைநடை அரிய உயரத்தை எட்டுகின்றது. சூதாட்ட மண்டபத்தின் ஓசையையும் ஒளியையும் ஒரு நாகரிகத்தின் நோயாக உணர்த்திய ஆற்றல் அவருடையது.

எனினும் அந்நகரில் வாழ்பவர்கள் இந்நூலில் எவ்வாறு தோன்றுகின்றனர் என்பது கவனித்தற்குரியது. ஹோட்டல் அறையைத் துப்புரவு செய்ய வரும் பணிப்பெண் அச்சுறுத்தப்பட்டு, பின்னர் ஏமாற்றப்படுகின்றாள். அது நகைச்சுவையாக எழுதப்பட்டுள்ளது. வடக்கு லாஸ் வேகாஸிலுள்ள சிறிய உணவுக்கடையொன்றிற் பரிமாறும் பெண் கத்தியைக் கண்டு உறைந்துபோகின்றாள். இக்காட்சியில் மட்டும் நூலின் சிரிப்பு நின்றுவிடுகின்றது. தான் செய்யும் கலகம், கம்பனிகளின் மேலன்றி, அவற்றின் நிழலில் நாட்கூலிக்கு உழைப்பவர் மேலேயே விழுகின்றது என்பதைக் கதைசொல்லி ஒரு கணம் அறிகின்றான் போலும். ஆயின் அடுத்த அத்தியாயத்தில் வண்டி புறப்பட்டுவிடுகின்றது. நூல் தன் மிகக் கூர்மையான உண்மையைத் தொட்ட இடத்திலேயே அதனைக் கைவிட்டுச் செல்கின்றது.

அதே 1972இல், கட்டடக் கலைஞர்களான றொபேட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்கொட் பிரவுன், ஸ்ரீவன் ஐசனோர் ஆகியோர் எழுதிய ‘லேர்னிங் புறம் லாஸ் வேகாஸ்’ வெளிவந்தமை தற்செயலாயினும் பொருத்தமுடையது. 1968இல் யேல் பல்கலைக்கழக மாணவருடன் மேற்கொண்ட பயணத்தின் பயன் அந்நூல். பெரிய விளம்பரப் பலகை, சிறிய கட்டடம், விரிந்த வாகனத் தரிப்பிடம் என்னும் ஒழுங்கை ஏளனமின்றி நோக்கக் கற்பித்தது அதன் சாதனை. ஆயின் சூதாட்ட நலன்களின் அறநிலை பற்றிய வினா தம் ஆய்வுக்கு உட்பட்டதன்று என அதன் ஆசிரியர்கள் வெளிப்படையாகவே ஒதுக்கி வைத்தனர். வடிவத்தைப் பயனிலிருந்து பிரித்து நோக்கும் இம்முறை ஆய்வு வசதிக்கு உதவலாம். ஆயின் அப்பலகைகள் யாரை எதற்காக அழைக்கின்றன என்பதை விலக்கியபின், அவற்றின் வடிவம் முழுமையாக விளங்கியதென எவ்வாறு கொள்வது?

5

ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமான ஏ. அல்வாரெஸ் 1983இல் வெளியிட்ட ‘த பிக்கெஸ்ட் கேம் இன் ரவுண்’ இவ்வரிசையில் இலக்கியத் தரத்தால் முதன்மையானதெனலாம். தற்கொலை பற்றிய புகழ்பெற்ற ஆய்வொன்றை 1971இல் எழுதியவர், பத்தாண்டின் பின் லாஸ் வேகாஸுக்குச் சென்று, 1981ஆம் ஆண்டின் உலகப் போக்கர் போட்டியைப் பார்வையிட்டார். போக்கரில் ஆடுபவர் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். விடுதி இடத்துக்கு உரிய கட்டணத்தையே பெறுகின்றது. ஆதலின் நளன் கதையின் மனித எதிரி இங்கு மீண்டும் தோன்றுகின்றான். தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பணம் என்பது தச்சனுக்கு உளி போன்ற கருவி மட்டுமே என்பதை அல்வாரெஸ் நுட்பமாக வெளிப்படுத்துகின்றார். பணம் நிறவட்டுக்களாக மாறும்போது அதன் பின்னாலுள்ள உழைப்பும் நாளும் நினைவிலிருந்து நீங்குகின்றன என்ற அவரது அவதானிப்பு ஆழமானது.

ஆயினும் இந்நூலின் வியப்பு வென்றவர்களுக்கே பெரிதும் உரியதாகின்றது. 1981இல் எழுபத்தைந்து பேர் தலைக்குப் பத்தாயிரம் டொலர் கட்டி அமர்ந்தனர். முதல்வர் மூன்று இலட்சத்து எழுபத்தையாயிரம் டொலருடன் எழுந்தார். மொத்தத் தொகையின் அரைவாசி ஒருவரிடம் சேர்ந்தது. பெரும்பாலோர் வெறுங்கையுடன் சென்றனர். அவர்கள் எங்கு சென்றனர் என்பதைப் பார்வையாளர் பின்தொடர்வதில்லை. துணிவைப் போற்றும் அழகியல், துணிவின் செலவை ஏற்றவர்களைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றது.

2002இல் வெளியான பென் மெஸ்ரிச்சின் ‘பிரிங்கிங் டவுன் த ஹவுஸ்’ தோர்ப்பின் கணிதத்தையும் சாகசக் கதையையும் இணைத்தது. மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவர் குழுவொன்று வார இறுதிகளில் லாஸ் வேகாஸுக்குப் பறந்து, சீட்டெண்ணிப் பெரும்பணம் வென்றதை அது கூறுகின்றது. மெய்ந்நிகழ்வு என விற்கப்பட்ட இந்நூலிற் பல காட்சிகளும் பாத்திரங்களும் புனையப்பட்டவை அல்லது ஒன்றுசேர்க்கப்பட்டவை என்பதை 2008இல் ‘பொஸ்ரன் குளோப்’ பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. புனைவு குற்றமன்று, புனைவை மெய்யென்று விற்றலே குற்றம். அதனினும் முக்கியமானது பிறிதொன்று. இம்மாணவர்கள் முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு, வேலைப்பிரிவினை செய்து, இலாபத்தைப் பங்கிட்டனர். நூல் அவர்களைக் கலகக்காரராகக் காட்டினும், அவர்கள் ஒரு கம்பனியை எதிர்த்த இன்னொரு சிறு கம்பனியே. 2008இல் இக்கதை திரைப்படமானபோது, அதன் காட்சிகள் பல லாஸ் வேகாஸ் விடுதிகளிலேயே படமாக்கப்பட்டன. தம்மை வீழ்த்திய கதைக்குத் தம் மண்டபங்களையே திறந்துவிட்ட உடைமையாளருக்கு அக்கதையில் அச்சமெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

6

மீளாதவனின் கதையை எழுதியவர் எவருமிலரா? லாஸ் வேகாஸுக்கு வெகுமுன்னரே அது எழுதப்பட்டது. தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘சூதாடி’ 1866இல், கடன் நெருக்கடியின் நடுவே, இருபத்தாறு நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவிக்கப்பட்டது. குறித்த தவணையுள் நாவலை ஒப்படைக்காவிடின், ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் எழுத்துரிமையைப் பதிப்பாளரிடம் இழக்கும் நிலையில் ஆசிரியர் இருந்தார். நாவலை எழுதிய பின்னரும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் ரூலெற் மேசையை விட்டு நீங்கவில்லை. ஆதலின் அந்நாவலின் நாயகன் கரையேறியவனாய் நின்று பேசுவதில்லை. நாளை எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணத்தோடேயே நாவல் நிற்கின்றது. அந்த நாளை வராது என்பதை வாசகன் அறிவான். இவ்வறிவை வாசகனிடம் விட்டுவிட்டமையே அதன் கலைவெற்றி.

லாஸ் வேகாஸைப் பொறுத்தவரை இவ்விடத்தை அணுகிய நூல், மானிடவியலாளரான நட்டாஷா டவ் ஷுல் 2012இல் வெளியிட்ட ‘அடிக்ஷன் பை டிசைன்’ ஆகும். அவரும் வெளியிலிருந்து சென்றவரே. ஆயின் 1990களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அந்நகரில் ஆய்வு செய்து, சுற்றுலா வருவோரை விடுத்து அங்கேயே வாழ்ந்து உழைப்பவரோடும், ஆட்ட இயந்திரங்களை வடிவமைப்போரோடும் உரையாடினார். காசு போட்டு ஆடும் இயந்திரங்களே விடுதி வருமானத்தின் பெரும்பகுதியை ஈட்டும் காலம் அது. 1984இல் இங்கே ரெல்னேஸ் என்பவர் பெற்ற காப்புரிமை இதில் ஒரு திருப்பம். கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தின் பின்னே கணனியின் மறைவான எண்வரிசை முடிவைத் தீர்மானிக்கும். வெல்லும் சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள இடங்கள் அடிக்கடி தோன்றுமாறு அதனை அமைக்கலாம்; ஆடுபவன் தான் மயிரிழையில் தவறவிட்டதாக எண்ணித் தொடர்வான்.

ஷுல் சந்தித்த ஆட்டக்காரர் கூறிய செய்தி, சூது பற்றிய மரபான விளக்கங்களைத் தலைகீழாக்குகின்றது. அவர்கள் வெல்வதற்காக ஆடவில்லை. தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பதற்காகவே ஆடுகின்றனர். காலமும் உடலும் கவலையும் மறைந்துபோகும் ஒரு நிலையை இயந்திரத்தின் முன் அவர்கள் நாடுகின்றனர். நூலின் தொடக்கத்தில், ஹோட்டலொன்றிற் பணிபுரியும் பெண்ணொருத்தி தன் வாழ்விடங்களை ஒரு தாளில் வரைந்து காட்டுகின்றாள். வேலை செய்யும் விடுதி, ஆடும் சிறுகடை, பொருள் வாங்கும் அங்காடி, மருந்து பெறும் இடம், சூதிலிருந்து விடுபட விழைவோர் கூடும் இடம் ஆகிய அனைத்தையும் ஒரு வீதி இணைக்கின்றது. அவ்வரைபடத்தின் நடுவே, இயந்திரத்தின் முன் அமர்ந்த தன்னையே அவள் வரைந்திருக்கின்றாள். அந்த வீதிக்கு நகரைவிட்டு வெளியேறும் வழியில்லை. பயண நூல்கள் அனைத்தும் வருகையையும் புறப்பாட்டையும் கொண்டவை. இவ்வரைபடத்தில் அவ்விரண்டுமே இல்லை.

இந்நூலுக்கும் குறையுண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களையே அது பெரிதும் சார்ந்துள்ளது. அளவோடு ஆடி எழுந்து செல்வோர் அதில் அரிதாகவே தோன்றுகின்றனர். ஆய்வுக் கலைச்சொற்கள் சில இடங்களில் மனிதக் குரலை மூடிவிடுகின்றன. அல்வாரெஸின் உரைநடையோ தொம்சனின் வெம்மையோ இங்கில்லை. ஆயினும் அவர்கள் காணாததை இது கண்டது.

7

மேற்கூறியவற்றால், பயண நூல்கள் அனைத்தும் பொய்யானவை என்றோ, எழுத்தாளன் எல்லாம் சமூகவியலாளனாக மாறவேண்டும் என்றோ கொள்ளலாகாது. தோர்ப்பின் தெளிவும் தொம்சனின் சினமும் அல்வாரெஸின் நுட்பமும் தத்தம் அளவில் நிலைபேறுடையன. இங்கு வலியுறுத்தப்படுவது, இலக்கிய வடிவம் நடுநிலையான பாத்திரமன்று என்பதே. சென்று மீளும் வடிவத்தைத் தேர்ந்த எழுத்தாளன், மீளும் வசதியுடையவனின் நோக்கையும் உடன் தேர்ந்துவிடுகின்றான். அந்நோக்கில் நகரம் ஒரு சோதனைக் களமாகின்றது, வெற்றியோ தோல்வியோ அனுபவமாகின்றது, அனுபவம் நூலாகின்றது. நூல் எழுதியவனின் இழப்பு அந்நூலாலேயே ஈடுசெய்யப்படுகின்றது. பரிமாறும் பெண்ணுக்கும் அறை துப்புரவு செய்பவளுக்கும் அவ்வாறான ஈடு எதுவுமில்லை.

நளன் மீண்டான் என்று மகிழும் வாசகன், நிடத நாட்டில் அவ்விடைக்காலத்தில் வாழ்ந்த குடிகளைப் பற்றிக் கேட்பதில்லை. கதையும் அவர்களைப் பற்றி மிகுதியாகச் சொல்வதில்லை. லாஸ் வேகாஸ் பற்றிய நூல்களைப் படிப்பவரேனும் அவ்வினாவைக் கேட்கப் பழகுவாராயின், வென்றவனின் கணக்கு எங்கு முடிகின்றது, எஞ்சியோரின் கணக்கு எங்கு தொடங்குகின்றது என்பது புலனாகும்.